குதிரை தட்டியும் வெடிக்காத துப்பாக்கி

தேர்தல் தேதி அறிவித்ததும் சேந்தமங்கலம் காவல் நிலையத்துக்குத் துப்பாக்கிகள் வரத் தொடங்கிவிடும். உரிமம் வைத்திருப்பவர்கள் வாக்கு எண்ணி முடியும்வரை ஆயுதத்தை ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். காரவள்ளி வழியாகக் கொல்லிமலையிலிருந்து சில இறங்கும். காளப்பநாயக்கன்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சில வரும். அவற்றில் பெரும்பாலானவை குழாயின் வாய்வழியாக மருந்து போட்டு இடிக்கும் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கிகள். காவல்துறைக் காகிதத்தில் அவற்றுக்கு எஸ்.பி.எம்.எல். என்று பெயர். சாக்கில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டி, கட்டையில் எண்ணெய் ஊறிக் கறுத்துப்போய் வரும் அந்தத் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது பல தேர்தல்களில் என் வேலையாக இருந்தது.

ஆயுதப்படையில் ஆர்மரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சேந்தமங்கலம்தான் சொந்த ஊர். சுடுவது என் தொழில் அல்ல. சுட்டும் வெடிக்காததை வாங்கி, ஏன் வெடிக்கவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் தொழில். போர்களையும் கோட்டைகளையும் பற்றி நான் படித்த புத்தகங்களில் எல்லாம் வெடித்த துப்பாக்கியின் கதைதான் இருக்கிறது. பொய்த்த துப்பாக்கிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. மழையும் உப்பும் சட்டமும் சேர்ந்து எழுதிய சரித்திரம் அது. எங்கள் மலையடிவாரத்தில் அது இன்னும் முடியவில்லை.

முதலில் ஒரு தோட்டா ஏன் வெடிக்கவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சித் திடலில் ஒரு சப் இன்ஸ்பெக்டர் 9 மி.மீ. பிஸ்டலை அழுத்துகிறார், ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது. அப்போது செய்ய வேண்டியது ஒன்றுமே செய்யாமல் இருப்பதுதான். குழாய் இலக்கைப் பார்த்தபடியே இருக்க, அரை நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். சில தோட்டாக்கள் தாமதித்து வெடிக்கும். அவசரப்பட்டு ஸ்லைடை இழுத்தவர் கையில் அது வெடித்தால் பித்தளைச் சிதறல் முகத்துக்கு வரும். அரை நிமிடம் கழித்துத் தோட்டாவை வெளியே எடுத்து அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தால் பாதி விடை அங்கேயே இருக்கும். நடுவில் இருக்கும், அடித்தால் தீ விடும் கேப்பில் துப்பாக்கியின் பின் ஊசி குத்திய பள்ளம் ஆழமாக, வட்டமாக, நடு மையத்தில் விழுந்திருந்தால் துப்பாக்கியின்மேல் குற்றமில்லை, தோட்டா கெட்டது. பள்ளம் மேலோட்டமாக இருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது பின் ஓடும் துளையில் பழைய எண்ணெயும் புகையும் சேர்ந்து பிசினாகியிருக்கும். பள்ளம் ஓரத்தில் ஒதுங்கியிருந்தால் ஸ்லைடு முழுதாக மூடவில்லை. பள்ளமே இல்லையென்றால் பின் முனை உடைந்திருக்கிறது. பொய்த்த தோட்டாவை மறுபடி போட்டு அடித்தால் வெடித்துவிடுகிறது என்றால், கேப்பு தன் இடத்தில் சரியாக உட்காராமல் மேலே தூக்கி நின்றிருக்கிறது என்று அர்த்தம். முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிட்டது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அந்தப் பள்ளத்தை வாசிக்கத் தெரிந்தவனுக்கு மற்றதெல்லாம் எளிது.

மலைத் துப்பாக்கிக்கும் இதே கணக்குதான். ஒரு தேர்தலின்போது வாழவந்திநாட்டுப் பக்கமிருந்து வந்த பெரியவர் ஒருவர் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “கேப்பு நல்லாத்தான் வெடிக்குதுங்க. மருந்துதான் புடிக்க மாட்டேங்குது. ரெண்டு வருசமா இதே ரோதனைங்க.”

“மருந்தை எங்க வைக்கிறீங்க பெரியவரே?”

“சொரைக்குடுவையிலதாங்க. அடுப்புக்கு மேல தொங்குது.”

மருந்து காய்ந்துதான் இருந்திருக்கிறது. குழாயின் அடியில் கேப்பு மாட்டுகிற சிறு முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஊசி நுழைகிற அதன் துளை துருவும் கரியுமாக அடைத்துக் கிடந்தது. கேப்பின் தீ உள்ளே போக வழியில்லை. கேப்பு வெடித்து மருந்து பற்றாவிட்டால் வழி அடைப்பு, அல்லது மருந்தில் ஈரம். கேப்பே வெடிக்காவிட்டால் கேப்பு கெட்டது, அல்லது கேப்பின்மேல் அடிக்கும் குதிரையின் வில் தளர்ந்தது. இரண்டே கேள்விதான். பிஸ்டலில் நான் பார்க்கும் பள்ளமும் இதே இரண்டைத்தான் கேட்கிறது.

இனி மருந்துக்கு வருவோம். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்தது கரிமருந்து என்பது எல்லாருக்கும் தெரியும். அதன் தரம் எங்கே தீர்மானமானது என்பதுதான் பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் வெடியுப்பு எடுத்தவர்கள் உப்பிலியர். பழைய குடியிருப்பு மேட்டிலும் மாட்டுக் கொட்டகை ஓரத்திலும் சுவரடியிலும் பூத்து நிற்கும் மண்ணைச் சுரண்டி, கரைத்து, வடித்து, காய்ச்சி எடுத்தார்கள். அந்த மண்ணில் வெடியுப்போடு சோற்றுப்பும் அதன் உறவான வேறு உப்புகளும் கலந்தே இருக்கும். அவை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுப்பவை. எத்தனை முறை காய்ச்சிப் படியவிட்டு அவற்றைப் பிரித்தார்களோ அத்தனைக்கு மருந்து ஐப்பசி மழையைத் தாங்கும். சுத்திகரிக்காத உப்பில் செய்த மருந்து வைகாசியில் நன்றாகப் பற்றும்; கார்த்திகைப் பனியில் களிமண் மாதிரி கிடக்கும். கரிக்கும் இதில் பங்கு உண்டு. எருக்கங்கரி, துவரை மாரின் கரி போன்ற இலேசான கரிகளுக்கு இந்த நாட்டில் மதிப்பு இருந்தது. வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருந்தாலைகளிலும் துவரைக் கரியை எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் மழைக்காலத்தில் மருந்து பொய்த்ததற்கு முதல் காரணம் கரியல்ல, உப்புதான். வெள்ளைக் காகிதத்தில் ஒரு சிட்டிகை மருந்தை வைத்துப் பற்றவைப்பது பழைய காலத்துச் சோதனை. நல்ல மருந்து சட்டென்று எழும்பி எரிந்து, காகிதத்தைக் கருக்காமல், அழுக்கு விடாமல் போகும். ஈர மருந்து சீறிச்சீறி எரிந்து காகிதத்தில் ஓட்டை போடும். சாம்பல் மணிமணியாகத் தங்கினால் உப்பு சுத்தமில்லை.

சேந்தமங்கலம் ஒரு காலத்தில் பாளையத்தின் தலைமை ஊர். நாமக்கல் பாறைமேல் இருக்கும் கோட்டையைக் கட்டியவர் இந்த ஊரை ஆண்ட ராமச்சந்திர நாயக்கர் என்று சொல்வார்கள். பாளையக்காரர்களின் ஆட்கள் வைத்திருந்தது திரித் துப்பாக்கி. கயிற்றுத் திரியை எரியவிட்டுக்கொண்டே நடக்க வேண்டும். பற்றுவாயில் கொஞ்சம் மருந்து தூவி அதன்மேல் திரியை இறக்க வேண்டும். மழை வந்தால் திரி அணையும். காற்று வந்தால் பற்றுவாய் மருந்து பறக்கும். பிறகு ஹைதர், திப்பு காலம். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு சேலம் சீமை கம்பெனிக்குப் போனது. 1805இல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டது இதே சீமையின் சங்ககிரிக் கோட்டையில்தான். அந்தச் சண்டைகளில் கம்பெனிச் சிப்பாய்கள் கையில் இருந்தது சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. கல் உருக்கில் உரசிப் பொறி பறக்கும். பொறி பற்றுவாயில் விழும். பற்றுவாய்த் தீ துளை வழியே உள்ளே போகும். எரியும் திரியைத் தூக்கித் திரியும் தொல்லை ஒழிந்ததே தவிர, மருந்து மட்டும் திறந்த வாயில்தான் இருந்தது.

இதன் விலையைச் சென்னை ராணுவத்துச் சிப்பாய்கள் சீனத்தில் கொடுத்தார்கள். 1841 மே மாதக் கடைசி. முதல் அபினிப் போர். காண்டன் நகருக்கு வெளியே சான்யுவான்லி என்ற ஊர்ப்புறத்தில் ஊர் மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டுவிட்டார்கள். இடியும் பெருமழையுமாக இருந்தது. 37ஆம் சென்னை சுதேசிக் காலாட்படையின் ஒரு கம்பெனி, ஏறக்குறைய 60 பேர், மற்றவர்களிடமிருந்து பிரிந்து வயல்வெளியில் மாட்டிக்கொண்டது. துப்பாக்கிகள் நனைந்துபோய் ஒன்றும் வெடிக்கவில்லை. நீண்ட கழிகளில் கொக்கி கட்டிச் சிப்பாய்களை வரிசையிலிருந்து இழுத்தார்கள் ஊர்க்காரர்கள். சிப்பாய்கள் சதுரமாகக் கூடி, துப்பாக்கி முனைக் கத்தியை மட்டும் நம்பி நின்றார்கள். மழை சற்று ஓய்ந்த இடைவெளியில் நனைந்த மருந்தை வெளியே எடுத்து, கைத்தண்ணீரை ஊற்றிக் குழாயைக் கழுவி, உடம்பில் நனையாமல் மிச்சமிருந்த ஒரே துணியான தலைப்பாகையின் உள்மடிப்பால் துடைத்து, ஓரிரு முறை சுட்டார்கள் என்று அந்தப் போரைப் பற்றி எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள். இருட்டில் அவர்களைத் தேடி வந்து மீட்டது இரண்டு கம்பெனி கடற்படை வீரர்கள். அவர்கள் கையில் புதிய கேப்புத் துப்பாக்கி இருந்தது. அதே மழையில் அது வெடித்தது.

இந்தச் சம்பவத்தை நான் பயிற்சிக்கு வரும் இளம் காவலர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். அந்த 60 பேரின் துணிச்சலில் குறை ஒன்றும் இல்லை. குறை அவர்களுக்குக் கொடுத்த பொருளில் இருந்தது. கல்லும் கேப்பும் எவ்வளவு வேறுபடும் என்பது மேலிடத்துக்குத் தெரியாததும் அல்ல. 1834லேயே இங்கிலாந்தில் வுல்விச் என்ற இடத்தில் இரண்டையும் வைத்து 6,000 வேட்டுகள் சுட்டுப் பார்த்திருந்தார்கள். கல் துப்பாக்கி 922 முறை பொய்த்தது. கேப்புத் துப்பாக்கி 36 முறை. ஏழு ஆண்டு கழித்தும் சென்னைச் சிப்பாயின் கையில் இருந்தது கல் துப்பாக்கிதான்.

கேப்பின் பிறப்பும் வேட்டைக்காரனின் எரிச்சலில்தான். ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்ற ஊரின் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத்துக்கு வாத்து சுடும் பழக்கம். கல் துப்பாக்கியில் பற்றுவாய்த் தீ எழும்போதே பறவை அதைக் கண்டு தண்ணீருக்குள் மூழ்கிவிடும்; குண்டு போய்ச் சேர்வதற்குள் அது அங்கே இருக்காது. அடித்தால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு அவர் ஒரு பூட்டு செய்து 1807இல் காப்புரிமை வாங்கினார். சில ஆண்டுகளுக்கு முன், 1800இல், எட்வர்ட் ஹோவர்டு என்பவர் பாதரசத்திலிருந்து அப்படி ஒரு வெடிபொருளை விவரித்து எழுதியிருந்தார். 1820களில் அந்த மருந்தைச் சின்னச் செப்புத் தொப்பிக்குள் அடைத்து முனையில் மாட்டும் முறை பரவியது. கொல்லிமலைத் துப்பாக்கியில் இன்று மாட்டுவதும் அந்தத் தொப்பியின் வழிவந்ததுதான். இருநூறு ஆண்டில் அது மாறவில்லை.

ஏன் மாறவில்லை என்றால் அதற்குப் பதில் 1878இல் இருக்கிறது. லிட்டன் பிரபு காலத்தில் வந்த இந்திய ஆயுதச் சட்டம் துப்பாக்கி, மருந்து, கேப்பு எல்லாவற்றையும் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. ஐரோப்பியருக்கு விலக்கு. குடகர்களுக்கும் விலக்கு கொடுத்தார்கள். அதை நீட்டித்து நீட்டித்து வந்ததில் இன்றும் நடப்பில் இருக்கிறது. மற்ற இந்தியர் மாஜிஸ்திரேட் முன்னால் கைகட்டி நிற்க வேண்டியதாயிற்று. நல்ல புதுத் துப்பாக்கி துரைமாருக்கும் ஜமீன்தார்களுக்கும். காட்டுப்பன்றியை விரட்ட வேண்டிய மலைக் குடியானவனுக்குக் கிடைத்தது பழைய வாய்வழித் துப்பாக்கி. அதற்கும் கணக்குப் பார்த்துக் கொடுத்த மருந்து. இது சேலம் பக்கத்துக் கொல்லர்களுக்குக் கைத்திறன் இல்லாததால் வந்ததல்ல. கஞ்சமலை இரும்பு பேர்போனது. சேலம் அருணாசலம் என்ற பெயர் பொறித்த வேட்டைக் கத்திகளையும் பன்றி ஈட்டிகளையும் வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் தேடி வாங்கினார்கள். இன்றும் வெளிநாட்டில் சேகரிப்பவர்கள் வைத்திருக்கிறார்கள். அந்தக் கைகளுக்கு நல்ல குழாய் செய்யத் தெரியாமல் போயிருக்காது. செய்ய விடவில்லை.

ஏற்காட்டுக் காபித் தோட்டத்துத் துரைமார்களிடம் பின்வழியாகத் தோட்டா போடும் 12 போர் துப்பாக்கி வந்தது. அதற்குப் பித்தளைக் கூடு உண்டு. சுட்ட கூட்டைத் தூக்கி எறியாமல், பழைய கேப்பைத் தட்டி எடுத்துப் புதுக் கேப்பு வைத்து, மருந்தும் அடைப்பும் ரவையும் போட்டு மறுபடி நிரப்பினார்கள். சீமையிலிருந்து கப்பலில் தோட்டா வந்து சேரப் பல வாரம் ஆகும் காலத்தில் அது தேவையாகவே இருந்தது. அப்படி நிரப்புபவன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது எந்தக் கூட்டை ஒதுக்குவது என்பது. வாய் விளிம்பில் மயிரிழை விரிசல் இருந்தால் ஒதுக்க வேண்டும். அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பளபளப்பாக ஒரு வளையம் தெரிந்தால் கூடு அங்கே மெலிந்திருக்கிறது; அடுத்த வேட்டில் இரண்டாகப் பிரியும். புதுக் கேப்பு விரலால் அழுத்தியே உள்ளே போய்விட்டால் அதன் குழி அகன்றுவிட்டது. பச்சைக் களிம்பு பூத்த கூட்டைத் துடைத்துப் பயனில்லை. களிம்பு பித்தளையைத் தின்றிருக்கும். பாதரசக் கேப்பு போட்டுச் சுட்ட கூடுகளில் இன்னொரு ஆபத்து உண்டு. வெடிக்கும்போது பாதரசம் பித்தளைக்குள் ஊறி அதை நொறுங்கும் தன்மையாக்கிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கரிமருந்துக் காலத்தில் அழுக்கும் புகையும் பாதரசத்தில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டதால் கூடு பிழைத்தது. புகையில்லா மருந்து வந்தபின் முழுப் பாதரசமும் பித்தளையில் இறங்கி, கூடுகள் கைவிட்டன.

புகையில்லா மருந்து என்றதும் நமக்கு அருவங்காடுதான் நினைவுக்கு வர வேண்டும். குன்னூர் பக்கத்தில் அந்த மருந்தில் ஒரு வகையான கார்டைட் செய்யும் ஆலையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமைத்தார்கள். காட்டேரி அருவியிலிருந்து அதற்கு மின்சாரம் எடுத்தார்கள். தோட்டா செய்யும் ஆலை புனே அருகே கிர்க்கியில் 1869லிருந்து இருக்கிறது. போலீஸ் ஆயுதக் கிடங்கான கோத்தில் நான் எண்ணிய .303 தோட்டாக்களின் அடியில் ‘கே.எஃப்.’ என்றும் செய்த ஆண்டும் பொறித்திருக்கும். பெட்டியைத் திறந்ததும் ஆர்மரர் பார்க்கும் முதல் இடம் அந்த ஆண்டுதான். கரிமருந்துக்கு எதிரி ஈரம் என்றால் கார்டைட் வகைக்கு எதிரி வெயில். தகரக் கூரைக் கோத்தில் பங்குனி, சித்திரை வெக்கையில் பல ஆண்டு கிடந்த தோட்டாவும், கல் கட்டட நிழலில் அதே ஆண்டுகள் கிடந்த தோட்டாவும் ஒன்றல்ல. பெட்டியைத் திறக்கும்போது புளித்த, மூக்கைக் குத்தும் வாடை வந்தால் மருந்து சிதையத் தொடங்கிவிட்டது. அந்தத் தொகுதியை எழுதி ஒதுக்கி அனுப்பிவிட வேண்டும். சுட்டுத் தீர்க்கலாம் என்று நினைக்கக் கூடாது.

பழைய கேப்புகளில் இருந்த ரசாயனம் சுட்டபின் குழாயில் ஒருவகை உப்பை விட்டுப்போகும். எண்ணெய் போட்டால் அது போகாது, தண்ணீருக்குத்தான் கரையும். அதனால் சுட்டு முடித்த அன்று மாலையே .303 குழாயில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக் கழுவி, காயவைத்து, பிறகுதான் எண்ணெய் இடுவோம். எனக்கு இந்தப் பாடம் சொல்லிக்கொடுத்த மூத்த ஆர்மரர் வெந்நீர் ஆறிவிட்டால் மறுபடி அடுப்பேற்றச் சொல்வார். குழாயே சூடேறி உள்ளே ஈரம் தானாக உலர வேண்டும் என்பது அவர் கணக்கு. மலைத் துப்பாக்கிக்கும் கரிமருந்து விட்டுச் செல்லும் அழுக்குக்கும் இதே வெந்நீர்தான் மருந்து. கொல்லிமலையில் பல குடும்பங்கள் புளித்தண்ணீரும் வெந்நீரும் விட்டுக் கழுவுவதைப் பார்த்திருக்கிறேன். பாடப் புத்தகம் படிக்காமலே அந்த அறிவு அவர்களிடம் இருந்தது.

பயிற்சி முடிந்ததும் காலிக் கூடுகளை எண்ணி ஒப்படைப்பது போலீஸில் கண்டிப்பான விதி. ஒரு கூடு குறைந்தாலும் திடலில் புல்லை விலக்கித் தேடுவோம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது வெட்டி வேலையாகத் தோன்றும். காலிக் கூடு தவறான கைக்குப் போனால் தோட்டாவாகத் திரும்பி வரலாம் என்பதுதான் காரணம். உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதே நம் சட்டத்தில் குற்றம். .303 கூடுகளின் கேப்புக் குழியில் நடுவே ஒரு முளையும் இருபுறம் இரண்டு சிறு துளைகளும் இருக்கும். ஒற்றைத் துளைக் கூடு மாதிரி ஊசியால் தட்டிக் கேப்பை எடுக்க முடியாது. சாமானியமாக அதை நிரப்பவும் முடியாது. ஆனாலும் எண்ணுவோம்.

பொய்த்த துப்பாக்கியால் வரும் பெரிய ஆபத்து, அது பொய்த்தது தெரியாமலே போவது. 1863இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் களத்தில் பொறுக்கிய 27,574 துப்பாக்கிகளைப் பிறகு பரிசோதித்தார்கள். சுமார் 24,000 துப்பாக்கிகளில் மருந்து இருந்தது. அவற்றில் ஏறக்குறைய பாதியில் இரண்டு முறை நிரப்பியிருந்தார்கள். ஒன்றில் 23 முறை இடித்து அடைத்திருந்தது. பீரங்கிச் சத்தத்தில் தன் துப்பாக்கி வெடித்ததா இல்லையா என்றே தெரியாமல் மேலே மேலே இடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் நாட்டுத் துப்பாக்கிக் குழாய் பிளந்து விரலும் கண்ணும் போனவர்களில் சிலர் கதையும் இதுதான். நேற்று ராத்திரி அப்பா போட்ட மருந்து வெடிக்காமல் உள்ளே கிடக்கும். மகன் அறியாமல் இன்னொரு முறை போட்டு இடிப்பான். நான் எந்தத் துப்பாக்கியை வாங்கினாலும் முதலில் குதிரையைத் தொடமாட்டேன். மருந்து இடிக்கும் மரக் கெசக்கோலைக் குழாய்க்குள் மெதுவாக விட்டு, வாய் நுனியில் விரல் வைத்துக் குறித்துக்கொண்டு, வெளியே எடுத்துக் குழாயின் பக்கவாட்டில் வைத்துப் பார்ப்பேன். கோலின் முனை கேப்பு முனைக்கு நேராக வந்தால் காலி. நான்கு விரல் முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பின் 1959இல் புது ஆயுதச் சட்டம் இயற்றி, 1962 அக்டோபர் 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அதன் 13ஆம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழித் துப்பாக்கி கேட்கும் குடிமகனுக்கு உரிமம் வழங்கச் சொல்கிறது. நல்ல நோக்கம். ஆனால் உரிமம் கொடுத்த கை, நல்ல கேப்பும் நல்ல மருந்தும் மலைக்குக் கிடைக்க வழி செய்யவில்லை. ஆயுதக் கடை இருப்பது நகரத்தில். மலையிலிருந்து இறங்கி, எழுபது கொண்டை ஊசி வளைவு கடந்து, காகிதங்களோடு போய், கையிருப்பு இல்லை என்ற பதிலோடு திரும்பியவர்கள் எத்தனையோ பேர். கடைசியில் தீபாவளிப் பொட்டுவெடியும் தீக்குச்சி மருந்தும் துப்பாக்கிக்குள் போயின. அவை அந்த வேலைக்குச் செய்தவை அல்ல. எந்த உரசலில் வெடிக்கும் என்று சொல்ல முடியாது; குழாயையும் முனையையும் அரித்துத் தின்றுவிடும். கையிழந்தவர்களுக்கு நேர்ந்ததை அவர்களின் முரட்டுத்தனம் என்று எழுதிவிடுவது எளிது. நல்ல பொருள் எட்டாத இடத்தில் கெட்ட பொருள் புகுந்தது என்பதுதான் நான் கண்டது.

1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நிறுத்தியது. நிறுத்தியது சரிதான், மலையில் ஒரு காலத்தில் இருந்த மிருகமும் பறவையும் எந்த அளவுக்குக் குறைந்தன என்பதை வயதானவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். துப்பாக்கியை நம்பி வாழ்ந்த நரிக்குறவர்களின் பிழைப்பு அதோடு போனது. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க 2023 வரை ஆயிற்று. பன்றி மட்டும் குறையவில்லை. மலையிலும் அடிவாரத்திலும் மரவள்ளிக் காட்டில் ஒரு கூட்டம் ஒரு ராத்திரி புகுந்தால் காலையில் உழுத நிலம் மாதிரி கிடக்கும். கிழங்கு ஒன்று மிஞ்சாது. ஜவ்வரிசி ஆலைக்கு ஏற்ற வேண்டிய பயிர் அது. பத்து மாதப் பாடு. 2025 ஜனவரியில் தமிழக அரசு இதற்கு ஒரு முறை வகுத்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர்வரை பிடித்துக் காட்டில் விடுவது. மூன்றுக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். கொல்லிமலை அடிவாரத்தின் பல மரவள்ளிக் காடுகள் முதல் ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. அங்கே உள்ள குடியானவனுக்கு இந்த ஆணையால் ஒன்றும் ஆகவில்லை. அவனுக்கு வேண்டியது பயிர் இழப்பீடு, அதுவும் அடுத்த நடவுக்குள் கையில் வந்து சேரும் இழப்பீடு. அது ஒழுங்காக வந்தால் நாட்டுத் துப்பாக்கியின் காலம் தானாக முடியும் என்பது என் முடிவு. அந்தத் துப்பாக்கியோடு பழகிய எனக்கே அது முடிவதில் வருத்தமில்லை.

கடைசியாக, சேந்தமங்கலம், எருமப்பட்டி, கொல்லிமலைப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாத்தா காலத்துத் துப்பாக்கி பரண்மேல் கிடந்தால் அது செத்த இரும்பு என்று நினைக்காதீர்கள். கரிமருந்து ஈரத்தில் பொய்க்குமே தவிர, காய்ந்தால் மறுபடி உயிர் பெற்றுவிடும். 2008இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், 140 ஆண்டுக்கு மேல் பழமையான பீரங்கிக் குண்டு ஒன்றைத் தன் வீட்டில் சுத்தம் செய்துகொண்டிருந்தவர் அது வெடித்து இறந்தார். குதிரையை இழுத்துப் பார்க்காதீர்கள். பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். உள்ளே இருப்பதைக் கம்பியால் குடையாதீர்கள். குழாயின் வாய் ஆளில்லாத பக்கம் பார்த்திருக்க அப்படியே வைத்துவிட்டு, காவல் நிலையத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். ஆர்மரர் வந்து எடுத்துக்கொள்வார்.